வல்லத்தில் ஏறி மயிலாடுதுறையில் இறங்கலாம்: வீட்டிலேயே பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருவில் நாலரை வயதுப் பெண் குழந்தை ஒருத்தி இருந்தாள். அ முதல் ஃ வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். க ங ச வரிசையும் தலைகீழ்ப் பாடம். ஒருநாள் திண்ணையில் காலிப் பால் பாக்கெட் ஒன்று கிடந்தது. அதில் பெரிதாகப் போட்டிருந்த ‘பால்’ என்ற சொல்லைக் காட்டி, “இது என்ன பாப்பா?” என்று கேட்டேன். விரலை வைத்து, “பாவன்னா... இல்” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு எழுத்தும் சரி. ஆனால் தினமும் காலையில் தான் குடிக்கிற பால்தான் அங்கே எழுதியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை.

எழுத்தைத் தெரிந்துகொள்வது வேறு, வாசிப்பது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் பிள்ளைகள் இருவருக்கும், அப்புறம் வலங்கைமான் பக்கத்தில் எங்கள் திண்ணைக்கு மாலையில் வந்து உட்காரும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்ததில் கண்டதைப் படிப்படியாக எழுதுகிறேன். தேவை ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். நடவு, அறுப்பு நாட்களில் உடம்பு ஓய்ந்து வரும் அம்மாவுக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை “போதும்” என்று சொல்வதற்குள் நீங்களே எழுந்துவிடுங்கள். மறுநாள் அதுவாக அட்டையை எடுத்துக்கொண்டு வரும்.

முதலில் காது

எழுத்தைக் காட்டுவதற்கு முன் ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். மூன்று, நான்கு வயதில் இது வெறும் விளையாட்டு. ‘காவிரி’ என்று சொல்லிக் கை தட்டச் சொல்லுங்கள்: கா, வி, ரி, மூன்று தட்டு. ‘மா’வில் தொடங்குகிற சொல்லாகச் சொல்லச் சொல்லுங்கள்: மாடு, மாமா, மாங்காய். குளிப்பாட்டும்போது, தலை வாரும்போது, பேருந்துக்குக் காத்திருக்கும்போது நடக்கட்டும். இதற்கென்று தனியாக உட்கார வேண்டாம்.

இரவில் ஒரு கதையைப் புத்தகத்தைப் பார்த்தே வாசித்துக் காட்டுங்கள். வாய்க்கதையும் நல்லதுதான். ஆனால் வாய்க்கதையில் நரி ‘போச்சு’, புத்தகத்தில் ‘போயிற்று’. அந்த இரண்டாவது தமிழை முன்பே காதால் கேட்ட பிள்ளை, பிறகு கண்ணால் பார்க்கும்போது மிரளாது.

இந்த இடத்தில் அட்டைப் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும் அட்டையில் ‘இ’க்கு இலை, ‘உ’க்கு உரல் இருக்கும். நம் வீட்டுப் பிள்ளை சாப்பிடுவது ‘எல’யில். பாட்டி மாவாட்டுவது ‘ஒரல்’ல. இலைப் படத்தைக் காட்டி “இ” என்றால், பிள்ளையின் காது “எ” என்கிறது. தப்பு பிள்ளையுடையது அன்று. நம் பேச்சில், அடுத்த எழுத்து அகரமாகவோ ஐகாரமாகவோ வந்தால் முன்னே உள்ள இ பெரும்பாலும் எ ஆகிவிடும், உ ஒ ஆகிவிடும். விறகு வெறகு, நிலம் நெலம், குடம் கொடம், முறம் மொறம். ஆகவே பேச்சிலும் எழுத்திலும் ஒன்றாக இருக்கிற சொற்களாகப் பாருங்கள். ‘இ’க்கு இட்லி, இஞ்சி. ‘உ’க்கு உப்பு, உளுந்து. நெல் அறுக்கும் முன்பே வயலில் உளுந்து தெளிக்கிற ஊரில் இதைவிட நல்ல ‘உ’ கிடைக்காது.

கை பழகட்டும், அவசரம் வேண்டாம்

விஜயதசமி அன்று பூந்தோட்டம் பக்கத்துக் கூத்தனூர் சரசுவதி கோவிலில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைத்திருப்பீர்கள். நல்லது. மறுநாளே நோட்டும் பென்சிலும் கொடுத்துப் பக்கம் பக்கமாக எழுத வைக்காதீர்கள். சின்ன விரலுக்குப் பென்சில் பாரம். முறத்தில் பரப்பிய மணலும், சிலேட்டும் பல்பமும் போதும். மே மாதத்தில் ஆறு வறண்டு மணலாகக் கிடக்குமே, அதைவிடப் பெரிய சிலேட்டு வேறு ஏது?

இது நம் பக்கத்துப் பழைய முறைதான். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். அப்போது அவர் இருபது வயது கடந்த இளைஞர்.

எழுதுவது பின்தங்கினால் கவலைப்படாதீர்கள். வாசிப்பு முன்னே போகட்டும், கை பின்னால் வந்து சேரும்.

மூன்று எழுத்து, நான்கு சொல்

தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-ம் இவை சேர்ந்து பிறந்தவை. முப்பது எழுத்தும் ஏழெட்டுக் குறியும் பிடிபட்டால் பெரும்பகுதி வந்துவிடும். உ, ஊ வரிசைதான் கொஞ்சம் சிரமம். அதைப் பிறகு பார்ப்போம்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டுங்கள். கெட்டி அட்டை, பின்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். பட்டையான பேனாவால் ஒன்றில் ட, ஒன்றில் ப, ஒன்றில் ம, இன்னொன்றில் ம், மற்றொன்றில் ட் எழுதுங்கள். அகரத்திலிருந்து தொடங்கவில்லையே என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். அ, ஆ, இ, ஈ நான்கையும் படித்தாலும் அவற்றை மட்டும் வைத்துப் பிள்ளை வாசிக்க ‘ஈ’ தவிர வேறு சொல் பெரிதாகத் தேறாது. ட, ப, ம மூன்றில் முதல் வாரமே நான்கு சொல் கிடைக்கும்: படம், பட்டம், மடம், மட்டம். ட, ப இரண்டும் நேர்க்கோட்டு எழுத்து, ம-வில் மட்டும் ஒரு வளைவு, வரையவும் சுலபம். ‘மடம்’ என்றால் என்ன என்று கும்பகோணம் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம்.

தரையில் ப, ட, ம் மூன்றையும் இடைவெளி விட்டு வையுங்கள். பிள்ளை ஒவ்வொன்றாகத் தொட்டு, “ப... ட... ம்” என்று சொல்லட்டும். பிறகு அட்டைகளை நெருக்கி வையுங்கள். விரலைத் தூக்காமல் இழுத்துக்கொண்டே போய் ஒரே மூச்சில் சொல்லட்டும். முதல் நாள் மூன்று துண்டாகத்தான் வரும். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, சொல்லிக்கொண்டே வருகையில் திடீரென்று நின்று, “படம்!” என்று கத்தும். என் சின்னவன் அப்படிக் கத்திவிட்டு, சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தைப் போய்த் தொட்டுவிட்டு வந்தான். அந்தக் கணம் வரும்வரை நான்காவது எழுத்துக்குப் போகாதீர்கள். வந்த பிறகு, ப அட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ம வைத்துப் பாருங்கள்.

புள்ளி தனியாக நிற்காது

நம் பழக்கத்தில் க் என்பதை ‘இக்’ என்றும், ம் என்பதை ‘இம்’ என்றும் சொல்லித் தருகிறோம். அதனால் மரம் என்பது ‘ம, ர, இம்’ ஆகிறது. எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் அது மரம் ஆகாது. பால் பாக்கெட் விஷயத்தில் நடந்ததும் இதுதான்.

“புள்ளி வைத்த எழுத்து முன்னால் நிற்கிற எழுத்தின் கையைப் பிடித்துக்கொள்ளும்” என்று சொல்லுங்கள். அட்டையிலும் அப்படியே ஒட்டி வையுங்கள்: ம, ரம். பட், டம். தங், கம். பந், தல். அதேபோல ‘கானா, காவன்னா’ என்ற பெயர்களையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். க என்றால் ‘க’, கா என்றால் ‘கா’. அப்பாயி பழைய பெயரைத்தான் சொல்வார், சொல்லட்டும். வாசிக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தடுத்த எழுத்துகள்

வாரத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. நான் போகிற வரிசை இது:

க, த: கட்டம், பக்கம், தடம்.
ர, ல, வ, ய: மரம், கல், பல், கடல், பகல், வயல்.
ந, ண, ன, ங: நகம், பணம், மணல், தங்கம், பந்தல், வண்டல்.
ச, ழ, ள, ற, அ: பழம், களம், சக்கரம், அப்பம், அறம்.
ஞ: மஞ்சள்.

க ஒரே எழுத்துதான், ஆனால் கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி ஒலிக்கும். இதற்கு விதி சொல்லித் தராதீர்கள். பிள்ளைக்குச் சொல் தெரியும். ‘ப-க-ல்’ என்று தட்டுத் தடுமாறிச் சொன்னதும் நாக்கு தானாகவே ‘பகல்’ என்று திருத்திக்கொள்ளும். தாய்மொழியில் முதலில் வாசிக்கக் கற்பதன் வசதியே இதுதான்.

ண, ன, ந மூன்றையும் ஒரே நாளில் காட்ட வேண்டாம். மூன்று சுழி ண முதலில், ஒரு வாரம் விட்டு ரெண்டு சுழி ன. ல, ள, ழ மூன்றுக்கும் இதே கணக்கு. ‘வாளப்பளம்’ என்று வாசித்தாலும் அந்த நேரத்தில் நிறுத்தித் திருத்தாதீர்கள். வாழைப்பழம் என்று புரிந்துதான் வாசித்திருக்கிறது. நாக்கை மடிக்கிற பயிற்சியைச் சாப்பாட்டு நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் முடிந்ததும் பிள்ளையைப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். நம் டெல்டாவின் ஊர்ப் பெயர்கள் வாசிப்புக்கென்றே வரிசை கட்டி நிற்கின்றன. அகரமும் புள்ளியும் மட்டும் தெரிந்த பிள்ளை ‘வல்லம்’ என்ற பலகையை வாசித்துவிடும்.

கால், கொக்கி

துணைக்கால் சுலபம். அட்டையில் தனியாக ஒரு ா செய்து, எந்த எழுத்துக்குப் பின்னாலும் வைத்து இழுத்துச் சொல்லச் சொல்லுங்கள். பல் பால் ஆகும், கல் கால் ஆகும். அம்மா, அப்பா, தாத்தா, மாமா, சம்பா, வாய்க்கால் எல்லாம் இதற்குள் வந்துவிடும். பேருந்துப் பலகையில் இப்போது ‘பாபநாசம்’.

அடுத்து இகரக் கொக்கியும் ஈகாரச் சுழியும்: மணி, நரி, கதிர், தாளடி, மீன், தீ. பலகையில் நன்னிலம், சீர்காழி, நாகப்பட்டினம். பாலத்தைக் கடக்கும்போது ‘காவிரி’. ஏழு எழுத்து, எட்டு எழுத்துச் சொல்லைப் பார்த்துப் பிள்ளை பின்வாங்கினால், மீதியைக் கையால் மறைத்துத் துண்டு துண்டாகத் திறந்து காட்டுங்கள்: நா, கப், பட், டி, னம்.

உ, ஊ: இங்கே மட்டும் நிதானம்

மற்ற வரிசைகளில் குறியைக் கழற்றி மாட்டலாம். இங்கே முடியாது. எழுத்தோடு எழுத்தாக ஒட்டிக்கொண்டு உருவமே மாறிவிடும். சு, பு, வு, யு எல்லாம் கீழே கோடு இறங்கும். து, நு, லு, று எல்லாம் இறங்கி மடங்கி மேலே ஏறும். கு, மு, ரு வளைந்து திரும்பும். டு தனி ரகம். ஊகாரம் இன்னும் மாறும்.

எனவே வரிசையாக ஒப்பிக்க வைக்காமல், ஒவ்வொன்றையும் புது எழுத்தாகவே நினைத்துத் தெரிந்த சொல்லோடு கொடுங்கள். மாடு, ஆடு, வீடு இதில் டு. பாம்பு, உப்பு இதில் பு. புலி, துணி, முத்து, கரும்பு. ஒரே வகை வளைவு உள்ளவற்றை ஒன்றாகச் சேர்த்துக் காட்டினால் கண் சீக்கிரம் பிடிக்கும். இதற்கு ஆறு வாரம் ஆனாலும் ஆகட்டும். பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில்தான் மனம் விடுகிறார்கள். ‘இவனுக்குப் படிப்பு வராது’ என்று வீட்டில் முணுமுணுப்பு கிளம்புவதும் இந்த இடத்தில்தான். தயவுசெய்து பிள்ளையின் காதில் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மன்னார்குடி, தஞ்சாவூர், திருவாரூர் மூன்றும் இந்தப் படியைக் கடந்தவர்களுக்கு.

கொம்பு வந்தால் பொறு

இதுவரை இடமிருந்து வலமாகப் பார்த்தபடியே ஒலித்துக்கொண்டு வந்த பிள்ளைக்கு, கொம்பு ஒரு தடுக்கல். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியது அடுத்த எழுத்து. ‘நெல்’லில் கொம்பைப் பார்த்துவிட்டு ‘எ’ என்று தொடங்குகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

நான் செய்வது: கொம்பை மட்டும் சிவப்பு மையில் தனி அட்டையில் எழுதி, “சிவப்பு வந்தால் வாயை மூடு, அடுத்த எழுத்தைப் பார், சேர்த்துச் சொல்” என்பேன். ந அட்டைக்கு முன்னால் சிவப்புக் கொம்பை வைத்தால் நெ. இரட்டைக்கொம்பு வைத்தால் நே. ஒற்றைக்கொம்பு முன்னால், கால் பின்னால் இருந்தால் நொ. நெல், வெல்லம், தேர், தேங்காய், கொக்கு, தோப்பு, சோறு. பிள்ளை குறிலும் நெடிலும் குழம்பினால் ஆச்சரியமில்லை. ஓலைச்சுவடிகளில் எ-க்கும் ஏ-க்கும் இப்படித் தெளிவான வேறுபாடு இல்லை, மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். இரட்டைக்கொம்பை நிலைநிறுத்தியவர், 18-ஆம் நூற்றாண்டில் கொள்ளிடக்கரை ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர்.

ஐகாரத்தில் இன்னொரு சிக்கல். பழைய பள்ளிக்கூடத்தில் படித்த தாத்தா, யானைத் துதிக்கை போல முன்னால் வளைகிற பழைய லை, னை எழுதிக் காட்டுவார். 1978-ல் தமிழ்நாடு அரசு அந்த வடிவங்களை மாற்றிவிட்டது. இரண்டையும் பார்த்துப் பிள்ளை திகைத்தால், “தாத்தா காலத்து லை, நம் காலத்து லை” என்று சொன்னால் போதும்.

ஔகாரத்தைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம். ஔவை, பௌர்ணமி தவிர ஆரம்பத்தில் அது வராது.

கும்பகோணம், வேதாரண்யம், வலங்கைமான், பட்டுக்கோட்டை. கடைசியாக மயிலாடுதுறை. அந்தப் பலகையை உதவியில்லாமல் வாசித்துவிட்டால் எழுத்து வேலை முடிந்தது. எங்கள் திண்ணைக் கணக்கில், ஐந்து வயதில் தொடங்கிய பிள்ளைக்கு இதற்கு எட்டு ஒன்பது மாதம் ஆகிறது. சிலருக்கு ஆறு, சிலருக்கு ஒன்றரை வருஷம்.

தப்பாக வாசித்தால்

மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பாதித் தப்பு அதற்குள் தானாகத் திருந்திவிடும். இல்லையென்றால் தவறிய எழுத்தை மட்டும் விரலால் காட்டுங்கள். அதற்கும் வரவில்லையா, நீங்களே சொல்லிவிட்டு முழுச் சொல்லையும் மறுபடி வாசிக்க விடுங்கள். படத்தைப் பார்த்து ஊகிக்கிற பிள்ளைக்குப் படத்தை மறைத்துவிட்டு வாசிக்கக் கொடுங்கள். மனப்பாடமா வாசிப்பா என்று சந்தேகம் வந்தால் ‘டபம்’, ‘மகட்டி’ என்று பொருளில்லாத சொல்லை எழுதிக் காட்டுங்கள். அதை வாசித்தால் உண்மையிலேயே வாசிக்கிறது.

இன்னொரு வகைத் தடுமாற்றம் இருக்கிறது. அது தப்பே இல்லை. ‘நாற்றங்கால்’ என்ற சொல்லை ஒரு பையன் எழுத்து பிசகாமல் வாசித்துவிட்டு, “அப்டின்னா என்னா அத்தை?” என்றான். அவன் அப்பா நாற்றங்காலில்தான் அன்றைக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். “நாத்தங்கால்டா தம்பி” என்றதும் முகம் மலர்ந்தது. காற்று காத்து, மூன்று மூணு, கன்று கன்னு, வந்தது வந்துச்சு. இப்படி ஒவ்வொரு சொல்லாக ஜோடி சேர்த்துக் கொடுப்பது நம் வேலை. ‘காத்து’ தப்பு என்று சொல்லாதீர்கள். “நாம் இப்படிப் பேசுவோம், புத்தகத்தில் இப்படி எழுதுவார்கள்” என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரிகிறது.

புத்தகத்துக்குப் போகும்போது

பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி உள்ள படக்கதையில் தொடங்குங்கள். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நிலையை எடுத்துச் செல்பேசியில் காட்டலாம். அச்சடித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது, பிள்ளை விரல் வைத்து வாசிக்கும். ஒரே கதையைப் பத்து முறை கேட்டாலும் கொடுங்கள்.

பிள்ளையை அழைத்துப் போய்க் கிளை நூலகத்தில் உறுப்பினராக்குங்கள். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படும் ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். 1931-ல் மன்னார்குடி பக்கத்து மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். வண்டி கட்டிக்கொண்டு புத்தகம் வந்த மண்ணில், நாம் சைக்கிளில் நூலகம் போவது பெரிய விஷயமில்லை.

அரசுப் பள்ளியில் 1 முதல் 3 வகுப்பு வரை படிக்கிற பிள்ளை என்றால், 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலை என்று ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற கதையை எடுங்கள். ஆங்கிலவழிப் பள்ளி என்றால் ஆங்கில எழுத்தும் கூடவே வரும். அதை வேறு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே உட்காரலில் இரண்டு எழுத்துமுறை வேண்டாம்.

முயன்றும் வரவில்லை என்றால்

ஏழு வயதாகியும், ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தும், அகர வரிசைச் சொற்களே தங்கவில்லை என்றால் அடிப்பதாலும் டியூஷன் மாற்றுவதாலும் பயனில்லை. முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகிறதா, தொலைக்காட்சிக்கு மிக நெருங்கி உட்காருகிறதா என்று பாருங்கள். அப்புறம் காது. அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வருகிற பிள்ளைக்கு ஒலி வேறுபாடு சரியாகக் கேட்காமல் போகலாம். இரண்டும் சரியாக இருந்தும், மற்ற விஷயங்களில் கெட்டிக்காரப் பிள்ளை எழுத்தில் மட்டும் திணறினால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். சோம்பேறித்தனம் என்று முத்திரை குத்தாதீர்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லி வட்டார வள மையத்தை அணுகுங்கள், அங்கே சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள். போகும்போது பிள்ளையின் நோட்டோடு ஒரு சீட்டும் எடுத்துப் போங்கள். எந்தத் தேதியில் எந்த எழுத்தைக் காட்டினீர்கள், எதை எதாக வாசித்தது என்று ஒரு மாதத்துக்கு எழுதி வைத்த சீட்டு. பார்க்கிறவருக்கு அதில் பாதி விவரம் கிடைத்துவிடும்.